டோபி காட்டில் ஒரு சளக்குச் சத்தம்

வா மாப்ள, உக்காரு. தூரத்துலயே கேட்டுச்சு, சளக்கு சளக்குன்னு. எவனோ ரெண்டு தவளைக்கு நடை பழக்கிக் கூட்டிட்டு வர்றான்னு நெனச்சேன். பாத்தா உன் சேஃப்டி பூட்ஸ்!

என்னது, கால் வெறைக்குதா? சிங்கப்பூர்லயா? இதை நம்ம புதுக்கோட்டைப் பக்கம் சொல்லித் தொலைக்காத, ஒருத்தனும் பொண்ணு குடுக்க மாட்டான். 1934 ஜனவரியில 19.4 டிகிரிக்கு எறங்குச்சு பாரு, இந்த ஊரு கண்ட பெருங்குளிருன்னா அந்த மாதிரிதான்.

ஆனா நீ பொய் சொல்லல. இங்க குளிரு வானத்துலேருந்து வர்றதில்ல, கரண்டு பில்லுலேருந்து வருது. அந்தா முகப்பு மட்டும் பழசா நிக்குதே கேத்தே, அதை 1939லயே ஏர்கான் கொட்டகையாத்தான் தெறந்தாங்க. இப்ப கீழ எம்ஆர்டியில மூணு பாதை கூடுது. மூணும் சேர்ந்து உன் ஈரக்காலைத் தேடித்தேடி ஊதுது.

இந்த எடத்துல ஒரு ஓடை இருந்துச்சு மாப்ள, இப்ப ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயா அடங்கிக் கெடக்கு. மதராஸ்லேருந்தும் வங்காளத்துலேருந்தும் வந்த சலவைக்காரங்க அதுல எறங்கி நின்னுதான் வெள்ளைக்காரன் சட்டையை வெளுத்தாங்க. அவனுக்கு அரிப்பு வந்தாலும் பழி அவங்க மேலதான், துணியிலேருந்து தொத்திக்கிச்சாம்! வெறுங்கால் ஆளுங்க, கரை ஏறினா காத்தே தொடச்சு விட்டுடும். நீ படிச்ச புள்ள, தண்ணியையும் காலையும் உள்ள விட்டு லேஸ் போட்டு இறுக்கிக் கட்டியில்ல கொண்டு வர்ற!

குளிருதுன்னு ரெண்டு சாக்ஸ் வேற மாட்டியிருக்கியா? பலே. பூட்ஸ் இறுகிப்போனா ரத்தம் எந்த வழியா வரும்? அதுவும் பருத்தி, குடிச்ச தண்ணியைக் கக்காது. தண்ணி காத்தைவிட 25 மடங்கு வேகமா சூட்டை இழுத்துட்டுப் போயிடும். கம்பளி கலந்தது மெல்லிசா ஒரு ஜோடி போதும், நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு நிக்கும். தேக்காவுல போய்க் கேட்டா கடைக்காரர் உன் நெத்தியைத் தொட்டுப் பாப்பாரு. பரவாயில்ல, கேளு.

மாத்து சாக்ஸ் ஒண்ணு பிளாஸ்டிக் பையில வச்சுக்க. மொதல் உலகப்போருல பதுங்குகுழித் தண்ணியில நின்னு நின்னு சிப்பாய்ங்களுக்குக் காலே அழுகுச்சு. அப்புறம் சாக்ஸ் மாத்தினியான்னு அதிகாரிங்களே குனிஞ்சு காலைப் பாத்தாங்க. உன் சூப்பர்வைசர் குனிவாரா?

ராத்திரி பூட்ஸை எங்க வைக்கிற? ஏர்கான் அனல் ஊதுற பெட்டி முன்னாடியா? அங்க வச்சா தோல் வெடிக்கும், அடிப்பசை விட்டுப்போகும். லேஸைத் தளத்து, உள்ள இருக்குற அட்டையை உருவு, தமிழ் முரசைச் சுருட்டித் திணி, காத்தாடி முன்னாடி வை. தாளு ஊறிப்போச்சுன்னா வேற மாத்து. படிச்சுட்டுத் திணி மாப்ள, இல்லாட்டி உன்னைவிட பூட்ஸுக்கு உலக ஞானம் கூடிப்போயிடும்.

அதுக்காகப் புது ஜோடியைப் பெட்டியில பூட்டி வைக்காத. பாலியூரித்தேன் அடியா இருந்தா இந்த ஊரு ஈரக்காத்துலயே நாளடைவுல நொறுங்கிடும். ஒருத்தரு ஜப்பான் பனியில நடக்கணும்னு பல வருசமாப் பொத்திப் பொத்தி வச்சிருந்தாரு. ஆளு விமானம் ஏறிட்டாரு, அடி ரெண்டும் சாங்கியிலயே நின்னுடுச்சு.

சரி, கழட்டு, காலுக்குக் காத்து படட்டும். ஏய், இங்க இல்ல, அந்தப் பக்கம் திரும்பிக் கழட்டு! நான் இன்னும் சாப்புடல.