உடம்புக்கு நல்லதாம்!

கலசப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், உடம்புக்கு எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இலங்கை வானொலியிடம் இருந்தது. பாட்டுக்கு நடுவே கோபால் பல்பொடியின் பெருமையைப் பேசுவார்கள். பல் உறுதிப்படும் என்பது பெரியவர்களுக்கான சேதி. எங்களுக்கு அது இளஞ்சிவப்பில் இனிக்கும் பொடி. உள்ளங்கையில் கொட்டியதில் பாதி பல்லுக்குப் போகும், பாதி வயிற்றுக்குப் போகும்.

ஹார்லிக்ஸ் அப்போது காய்ச்சல்காரர் சொத்து. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பாட்டில் இருந்தாக வேண்டும். வெறுங்கையோடு போனால் அவர் பாசமே சந்தேகத்துக்குரியது. வீட்டில் யாராவது படுத்தால் பிள்ளைகள் முகத்தில் களை கட்டும். பாலில் கலக்கும் வரை யாருக்குப் பொறுமை? கரண்டியில் அள்ளி மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு, கரைய விட்டு நக்குவோம்.

அதே வீட்டில் கேழ்வரகுக் கூழும், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய சாமையும் இருந்தன. அவற்றுக்கு விளம்பரம் இல்லை, ஆகவே மரியாதையும் இல்லை. விருந்தாளி தலை தெரிந்ததும் அம்மா கூழ்ப்பானையை உள்ளே தள்ளிவிட்டு நெல்லுச்சோறு வடிப்பாள். டால்டாவில் சுட்ட பலகாரம் என்றால் வசதியான வீடு என்று அர்த்தம். 1937-இல் சந்தைக்கு வந்த டால்டா, நெய்யின் இடத்தில் உட்கார்ந்தது; டப்பா காலியானதும் துளசிச்செடி வளர்த்தது. வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு ஆகாது, நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி அமலானது 2022 ஜனவரியில். அதற்குள் தின்றவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக்கியது. அம்மா ஒளித்துவைத்த கேழ்வரகு பளபளக்கும் பாக்கெட்டில் ஏறிக்கொண்டது. பேரன் ஒரு கேழ்வரகு பிஸ்கட் கொண்டுவந்தான். முன்பக்கம் கதிரும் பச்சை வயலும். பின்பக்கம் கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்து: மைதா, சர்க்கரை, பாமாயில், அப்புறம்தான் கேழ்வரகு. எது எடை அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். பொய் முன்வாசலில், நிஜம் கொல்லைப்புறத்தில்.

"இது ஹெல்தி தாத்தா."

"அப்படியா ராஜா? இன்னும் ரெண்டு குடு."

ருசியாகவே இருந்தது. மைதாவும் சர்க்கரையும் ருசியில் என்றைக்கு ஏமாற்றின?

2024 ஏப்ரலில், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' வரிசையில் வைக்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. ஹார்லிக்ஸ் கம்பெனியும் தன் வகைப்பெயரிலிருந்து ஆரோக்கியத்தைக் கழற்றிவிட்டு வேறு பெயர் சூட்டிக்கொண்டது. கரண்டியால் அள்ளித் தின்னும் பிள்ளைகள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

டீக்கடையில் என் பழைய தறிக் கூட்டாளி போண்டாவைச் செய்தித்தாளில் வைத்து இரண்டு கையாலும் அமுக்குகிறார். எண்ணெய் ஊறி விரிகிற இடத்தில் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம்: கொலஸ்ட்ரால் இல்லை! கொலஸ்ட்ரால் பால், முட்டை, கறி வகையறாவின் சரக்கு. கடலை எண்ணெயிலோ சூரியகாந்தியிலோ அது எப்போது இருந்தது, இப்போது இல்லாமல் போவதற்கு? செய்தித்தாளில் பலகாரம் வைக்காதீர்கள், மை உடம்புக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் எச்சரித்தது. அதைச் சொன்னால் கூட்டாளி காதில் வாங்கவில்லை.

"எண்ணெய எடுத்துட்டேன் மச்சான். இனிமே ஒண்ணும் பண்ணாது."

அன்றும் ஆசைக்குத்தான் தின்றோம், இன்றும் ஆசைக்குத்தான் தின்கிறோம். விளம்பரக்காரன் நம் நாக்கை மாற்றவில்லை. சாக்கை மட்டும் காலத்துக்கு ஏற்ப மாற்றித் தருகிறான்.

நான் சாக்குச் சொல்கிற ஆளில்லை. டாக்டர் போண்டாவை விடச் சொன்னார், விட்டுவிட்டேன். மசால் வடையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.