மாமல்லபுரத்தில் கப்பல் நிற்குமா?

கேள்வி: சென்னையிலிருந்து கார்டெலியா சொகுசுக் கப்பலில் போய்வருகிறவர்கள் திரும்பவும் சென்னைத் துறைமுகத்தில்தான் இறங்குகிறார்கள். எங்கள் மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டால் என்ன?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: தாராளமாக இறக்கலாம், நீந்தத் தெரிந்தவர்களை மட்டும்! அவ்வளவு பெரிய கப்பல் அணைய ஆழமான தளம், அலைதடுப்புச் சுவர், இழுவைக் கப்பல்கள் எல்லாம் வேண்டும். மாமல்லபுரத்தில் இருப்பவை மணல், மீன்பிடிப் படகு, சுண்டல். பல்லவர் காலத்தில் நிலைமை வேறு. சரக்கேற்றிய கப்பல்கள் கடல்மல்லையில், அதாவது இதே மாமல்லபுரத்தில், நின்றதைத் திருமங்கையாழ்வாரே பாடியிருக்கிறார். அன்றைய கப்பல்களில் நீச்சல்குளம் கிடையாது. அதனால் சின்னத் துறையே போதுமாக இருந்தது.

கேள்வி: அதே கப்பலில் இரண்டு நாள் போய்வந்தேன். சென்னையில் இறங்குவதற்குள் பொறுமை போய்விட்டது. துறைமுகத்தில் ஏன் இத்தனை தாமதம்?
– இன்னொரு வாசகர், திருப்போரூர்

பதில்: உள்ளூர்த் தடம் தெரிந்த பைலட் ஏறி வழிகாட்ட வேண்டும், இழுவைக் கப்பல்கள் மெல்லத் தள்ளிக் கரை சேர்க்க வேண்டும், பிறகு பெட்டிகளும் சோதனையும். 1875-ல் துறைமுக வேலை தொடங்குவதற்கு முன் சென்னைக்கு வந்தவர்கள் கடலிலேயே மசூலா படகுக்கு மாறி, அலையில் தொப்பலாக நனைந்து கரையேறினார்கள். பிறகு கட்டிய அலைதடுப்புச் சுவர்களையும் 1881 புயல் உடைத்துப் போட்டது. வரிசையில் நின்றாலும் நனையாமல் நின்றீர்களே, அந்த மட்டில் உங்களுக்கு லாபம்தான்!