நான் குடும்ப நர்ஸ் ஆகாத கதை

எம்.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தை நான் நிரப்பாத வருடம் இல்லை. அனுப்பிய வருடமும் இல்லை. கேட்கிற தகுதி ஒன்றும் பெரிதல்ல. பி.எஸ்சி.யில் 55 சதவீதம், அதன்பின் ஒரு வருட அனுபவம். இரண்டும் இருக்கின்றன. நான் வேலை பார்க்கும் நீலகிரி மலைப்பகுதியான ஓவேலியை இரண்டு வருடம் விட்டுப்போக மனசு வரவில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். கேட்பவர்கள் நெகிழ்ந்து போகிறார்கள். உண்மையில் என்னிடம் இல்லாதது, ராத்திரி எட்டரைக்கு மேல் புத்தகத்தோடு விழித்திருக்கும் திறமை.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவள் என் சித்தி மகள். டெக்சாஸில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனருக்குப் படிக்கிறாள். குழந்தையின் காதுவலியிலிருந்து தாத்தாவின் சர்க்கரை வரை தானே பரிசோதித்து, இன்ன நோய் என்று முடிவு செய்து, மருந்தும் எழுதுகிற நர்ஸ். 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கி வைத்த வழி இது. ஃபோர்டு அம்மையார் 104 வயது வரை இருந்து, 2025 ஜனவரியில்தான் காலமானார். தங்கைக்கு நோயியல், மருந்தியல், உடல் பரிசோதனை என்று மூன்று மலை போன்ற பாடங்கள். அதற்கு மேல் நோயாளிகளைப் பார்த்தே 750 மணி நேரம் கழிக்க வேண்டும்; 2022-ல் புது நெறிமுறை வரும்வரை 500 போதுமாக இருந்ததாம். "இவ்வளவு படிச்சாலும் டெக்சாஸ்ல ஒரு டாக்டரோட ஒப்பந்தம் போட்டாத்தான்க்கா மருந்து எழுத முடியும்" என்று அவள் புலம்பும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப்பார்க்கிறது. அக்காவுக்கு அது அழகில்லைதான்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரில் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த படிப்புகளும் உண்டு. ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. இன்னொன்று பிரசவத்துக்கு, பதினெட்டு மாதம். ஆக, ஒரு குடும்பத்தில் யாராவது பிறந்தாலும் பிராக்டிஷனர் உண்டு, உயிருக்குப் போராடினாலும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருமிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அறுபது எழுபது வருடங்களுக்கு எம்.எல்.எச்.பி. என்கிற இடைநிலை சுகாதாரப் பணியாளராகிய நான். மலைப்பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 3,000 பேர் என்று கணக்கு. டாக்டர் எழுதிய மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பேன், பி.பி. பார்ப்பேன், சர்க்கரை பார்ப்பேன், அறிவுரை சொல்வேன். அறிவுரைக்கு மட்டும் யாரும் அளவு வைக்கவில்லை. என் தோல்விகள் பெரும்பாலும் அந்த இலாகாவைச் சேர்ந்தவை.

ஆரோட்டுப்பாறைப் பக்கம் ஒரு பாட்டி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பம். பி.பி. கூடியிருந்தது. புத்தகத்தில் உள்ளபடி, வாழ்க்கைமுறை மாற்றம் என்ற தலைப்பில் பேச ஆரம்பித்தேன்: "தினமும் அரை மணி நேரம் நடக்கணும் பாட்டி." பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று காலை ஏழரைக்கு மலைக்குப் போய், முதுகில் கொழுந்துச் சாக்கோடு சரிவில் ஏறி இறங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "இன்னும் அரை மணி நேரமா புள்ள? அதுக்குத் தனியாக் கூலி உண்டா?" என்றாள். கூடவந்த தன்னார்வலர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு தேயிலைச் செடியை ரசிக்கத் தொடங்கினார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் போகிற வேலை இந்த அக்காவைப் போன்றவர்களுடையது. என் பட்டப்படிப்பு முழுவதையும் அவர் ஒரு பார்வையில் அளந்துவிடுவார். வலியை அளக்க பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் அளவுகோல் உண்டு. தோள்வலி என்று வந்த ஒரு அம்மாவிடம் கர்மசிரத்தையாகக் கேட்டேன்: "பத்துக்கு எவ்வளவு இருக்கும்?" அந்த அம்மா யோசித்துவிட்டு, "நேத்து நாப்பத்திரண்டு" என்றார். நானும் நாற்பத்திரண்டு என்று எழுதப்போனேன். "அது கிலோ, சிஸ்டர். நேத்து எடுத்த கொழுந்து" என்றார் அக்கா. தோள்வலிக்கு அதைவிடச் சரியான அளவு என் பாடப்புத்தகத்தில் இல்லை என்பது ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. மறுநாள் பதிவேட்டில் 7 என்று எழுதிவிட்டேன். கட்டத்தில் அதுதான் அடங்கியது.

பாத பராமரிப்பு வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஆனி மழை. சர்க்கரை உள்ளவர்கள் காலில் சின்னக் காயம்கூடப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தினமும் விரலிடுக்கைக் கவனிக்க வேண்டும் என்று லைன் வீட்டு வாசலில் நின்று விளக்கினேன். கூட்டம் வழக்கத்துக்கு மாறாக ஊன்றிக் கவனித்தது. எல்லாரும் பார்த்தது என் காலை. இரண்டு அட்டைகள் நன்றாகக் குடித்து உருண்டிருந்தன, செருப்பெல்லாம் ரத்தம். ஒரு பெரியவர் முடிச்சிலிருந்து மூக்குப்பொடி எடுத்துத் தூவி வகுப்பை முடித்து வைத்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று. பணியர் பழங்குடி வீட்டுப் பையன் ஒருவன் அடிக்கடி கைகால் மூட்டு வலிக்கிறது என்றான். வளர்கிற வயசு, விளையாடிக் களைத்திருப்பான் என்றேன். அவன் அம்மா பேசிய பணிய மொழியில் எனக்குப் பாதி புரியவில்லை, புரிந்ததாகத் தலையாட்டினேன். அக்காதான் மெதுவாக, "சிக்கிள் செல்லுக்கு ரத்தம் பாத்தாச்சா?" என்று கேட்டார். அன்றைக்கே பரிசோதனைக்கு எழுதினேன். பட்டப்படிப்புத் தேர்வில் அரிவாள் செல் சோகைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆப்பிரிக்காவைப் பற்றியே எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. இந்தியாவில் அந்த ரத்தக்கூறை முதலில் கண்டு சொன்னது 1952-ல், லேமனும் கட்புஷும். பார்த்தது எங்கே? இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அதை இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

கூடலூரில் அஸ்வினி அமைப்பு 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில், ஆதிவாசிப் பெண்களையே நர்ஸுகளாகப் பயிற்றுவித்தார்கள். அந்தப் பையனின் அம்மா வீட்டு மொழியில் பேசியது அங்கே விளங்கியிருக்கும். குடும்ப நர்ஸ் என்று யாரையாவது சொல்வதானால் அவர்களைச் சொல்லலாம். பொறாமையோடுதான் சொல்கிறேன்.

சரி, ஆராய்ச்சியிலாவது முந்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். எம்.எஸ்சி.க்கு ஆய்வேடு உண்டு. கொழுந்து எடுக்கும் பெண்களின் ரத்த அழுத்தம் என்று தலைப்பை இப்போதே முடிவு செய்து, நோட்டுப் போட்டேன். அளக்குமுன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், காப்பி குடித்திருக்கக்கூடாது, பேசக்கூடாது என்பது விதி. உட்கார நேரம் இருந்தால் அவர்கள் ஏன் என்னிடம் வரப்போகிறார்கள்? கட்டஞ்சாயா இல்லாமல் பேச்சே தொடங்காது. அதனால் விதிப்படி எப்படி உட்கார வேண்டும் என்று செய்து காட்ட, பட்டையை என் கையிலேயே சுற்றிக்கொண்டு அமைதியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். மேடேறி வந்த மூச்சிரைப்பு நன்றாக அடங்கிய பிறகுதான் பொத்தானை அமுக்கினேன்.

148/94.

ஆரோட்டுப்பாறைப் பாட்டிக்கு இப்போது மெஷினில் எண் படிக்கத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எட்டிப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில ஏழரைக்கு வா புள்ள," என்றாள். "சாக்கு நான் தர்றேன்."