மறுபடியும் தனியா?

கேள்வி: ‘ஹோம் அலோன்’ படத்தின் இரண்டாம் பாகத்தில் புதிதாக என்ன இருக்கிறது?

பதில்: ஊர்! இந்த முறை நியூயார்க். 1990-ல் சிகாகோ புறநகர் வீட்டிலேயே பையன் கெவினை மறந்துவிட்டுப் பறந்த குடும்பம், 1992-ல் ஏர்போர்ட் வரை கூட்டிவந்து தொலைக்கிறது. முன்னேற்றம்தானே! மற்றபடி அதே கிறிஸ்துமஸ், அதே கெவின், அதே இரண்டு திருடர்கள். மொட்டைமாடியிலிருந்து கெவின் எறியும் செங்கல் ஒவ்வொன்றையும் திருடர்களில் ஒருவராக வரும் டேனியல் ஸ்டெர்ன் தவறாமல் முகத்தில் வாங்குகிறார். நிஜத்தில் முதல் கல்லிலேயே படம் முடிந்திருக்கும்.

அப்பாவின் கிரெடிட் கார்டில் பிளாசா ஓட்டலில் தங்கும் கெவின், லாபிக்கு வழி கேட்பது அப்போதைய ஓட்டல் முதலாளி டொனால்ட் டிரம்பிடம். அவரும் இடதுபக்கம் போகச் சொல்கிறார். அதற்கப்புறம் அவர் யாரையும் அந்தப் பக்கம் போகச் சொன்னதாகத் தெரியவில்லை!