ஹப் மாறும் படலம்

ஸ்மார்ட் வீடு வைக்க நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது, பல்புகளையும் சென்சார்களையும் இணைத்து இயக்கும் ஹப்பின் ஆயுளை. ‘ஆயுள் சந்தா’ என்று சொல்லி விற்ற ரிவால்வ் ஹப்பை, அந்த நிறுவனத்தை 2014இல் வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதம் அணைத்தே விட்டது. யாருடைய ஆயுள் என்று வாங்கும்போது யாரும் கேட்கவில்லை போலும். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டு நிறுவனத்தின் சர்வர்களும் சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடின.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு வீடு. மகன் வெளிநாட்டில், பல்புகள் அப்பா பொறுப்பில். பழைய ஹப் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் அதிலிருந்து விலக்கிப் புதியதில் சேர்ப்பதுதான் முறை. போய்ச் சேர்ந்துவிட்டால், பல்பை ஐந்தாறு தரம் போட்டு அணைத்து, அது கண்சிமிட்டும்வரை நிற்க வேண்டும். கதவு சென்சாரின் பொடித் துளைக்குள் அம்மாவின் சேலைப் பின். இத்தனைக்குப் பிறகும் ‘பூஜை ரூம் லைட்’ புது ஹப்பில் வெறும் ‘டிம்மர் 3’.

“என்ன மாமா, கரண்ட் வந்து வந்து போகுதா?” என்று எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

“இல்லப்பா, பல்புக்கு ஞாபகத்தை அழிக்கிறேன்.”

இந்த ஊருக்கே பழைய ஹப் ஒன்று உண்டு. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை எரிந்ததும் கீழே வீடுதோறும் அகல் எரியும். பாஸ்வேர்டு கிடையாது. சந்தா உண்டு, நெய்யாக. கட்டாதவருக்கும் சேவை நிற்பதில்லை.

‘மேட்டர்’ என்ற பொது மொழி 2022இலேயே வந்துவிட்டது, இனி எல்லாம் சுலபம் என்கிறான் மகன். இருக்கிற பல்புகளுக்கு அது தெரியுமா என்று அப்பா கேட்டால் லைன் கட்டாகிவிடுகிறது.