திருவந்திபுரத்துக்கு ரயில் விடுவது எப்படி?

திருவந்திபுரத்துக்கு ரயில் கிடையாது. தேவநாத சுவாமியைச் சேவிக்க வருகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். ஆகவே அந்த ஊரில் மேஜை மேல் மாதிரி ரயில் விட ஆசைப்படுகிறவர், முதல் நாளே வரலாற்றில் கை வைத்தாக வேண்டும். வைக்கிற கையை முறையாக வைக்கச் சில யோசனைகள்:

1. ஆண்டைச் சொல்லுங்கள். ‘அந்தக் காலம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் செல்லாது. 1951 ஏப்ரல் 14-க்கு முன் என்றால் பெட்டியில் தென்னிந்திய ரயில்வே. பிறகு என்றால் சதர்ன் ரயில்வே. 1914 என்றால் இன்னும் விசேஷம்: பாம்பன் பாலம் திறந்த புதிது, போட் மெயிலில் இந்த வழியாகப் போனவர் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கலாம். கையைக் கடிக்காத ஆண்டு 2008. விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர் கேஜை 2006 கடைசியில் மூடி, 2010-இல்தான் அகலப்பாதையாகத் திறந்தார்கள். எஞ்ஜினே வாங்க வேண்டாம். மேஜையில் ஜல்லியைக் கொட்டி, ‘வேலை நடைபெறுகிறது’ என்று ஒரு போர்டு நட்டால் தத்ரூபம்.

2. ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். அதிகம் விற்கும் எச்.ஓ. ரகம் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; அது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குப் போட்ட கணக்கு. நம் மீட்டர் கேஜுக்கு 11.5 வேண்டும், அகலப்பாதைக்கு 19.3. ஆக, பெட்டியைப் பிரித்ததும் வெளியே வருவது கடலூர்ப் பக்கம் எந்தக் காலத்திலும் ஓடாத ரயில். பரிகாரம் மூன்று: தண்டவாளத்தை நீங்களே செய்யலாம், 12 மி.மீ. பாதையில் ஓடும் சுவிட்சர்லாந்து மலை ரயிலை வாங்கிக் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம்; அல்லது பார்க்க வருகிறவர்களை நாலடி தள்ளி நிற்கச் சொல்லலாம். மூன்றாவதற்குச் செலவில்லை.

3. எழுத்தில் கவனம். எஞ்ஜினில் தப்பு இருந்தால் இரண்டு பேர் கண்டுபிடிப்பார்கள். போர்டில் இருந்தால் தெருவே கண்டுபிடிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ஸ்டேஷன் என்றால், பிளாட்பாரத்து டீக்கடையின் ‘விலைப் பட்டிய’லில் லைகாரத்துக்குத் துதிக்கை இருக்க வேண்டும். 1993 செப்டம்பருக்கு முன் ‘கடலூர் மாவட்டம்’ என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். அப்போது அது தென்னாற்காடு.

4. ஆட்களை இறக்குங்கள். வாங்கும் பொம்மைகள் கோட்டும் தொப்பியுமாக வரும். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் கல்யாண கோஷ்டி இல்லாமல் முடியாது. மாப்பிள்ளையின் உயரம் இரண்டு சென்டிமீட்டர். தொப்பியைச் சீவி, கோட்டின் மேல் வெள்ளை பூசி, கழுத்தில் சிவப்பு நூலை ஒரு முடிச்சுப் போட்டால் மாலை. ஹயக்ரீவர் மலைக்கு 74 படி. எண்ணிப் பார்க்கவென்றே ஒரு மாமா வருவார், குறைக்காதீர்கள்.

5. ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் ஆறு மாதம் பெயின்ட் அடித்த எஞ்ஜினை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். “டோக்கன் எங்கே சார்?” என்பார். ஒற்றைப் பாதை, பிரம்பு வளையத்தில் கட்டிய பையில் அந்த இரும்புக் குண்டு கைக்கு வந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகரலாம். 87-இல் ஒரு பங்கில் அந்தக் குண்டு கடுகை விடச் சிறியது. தரையில் விழுந்தால் அன்றைக்குப் போக்குவரத்து ரத்து.

6. மோட்டார் புகைந்து வண்டி நின்றுவிட்டால் பதறாதீர்கள், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். “எதிர்வண்டி இன்னும் ஆலப்பாக்கம் வரவில்லை, கிராசிங்” என்று மட்டும் சொல்லுங்கள். இந்தப் பாதையில் போய் வந்தவர்கள் எதிர்க் கேள்வி கேட்க மாட்டார்கள். உட்கார நாற்காலி கேட்பார்கள்.