கட்டிலடி மறைப்பியல்: இலஞ்சி வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

கட்டிலின் மேல்பக்கத்தைப் பற்றித் தமிழில் வேண்டிய அளவு எழுதியாயிற்று. உறக்கம், கனவு, ஊடல், முதுகுவலி எல்லாம் மேலே நடப்பவை. கட்டிலுக்கு அடியில் கிடப்பவற்றையும், வந்தவர் கண்ணில் அவை படாமல் மறைக்கும் கலையையும் புலவர் எவரும் பொருட்படுத்தவில்லை. அக்குறையைத் தீர்க்க எழுந்தது இவ்வாய்வு. களம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்தில் இருக்கும் இலஞ்சி. காலம், சாரல்.

மேலைநாட்டார் கொள்கையை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் மெத்தைக்குக் கீழே பாக்ஸ் ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு. மரச்சட்டத்துக்குள் சுருள்கம்பிகளை வைத்து, மேலே துணி போர்த்திய பெட்டி அது. பக்கவாட்டில் பார்க்கச் சகிக்காது என்பதால் கட்டிலைச் சுற்றிக் கொசுவம் வைத்த பாவாடை ஒன்றைக் கட்டுவார்கள். பாவாடை பிடிக்காதவர்கள் எலாஸ்டிக் வைத்த விரிப்பு இன்னொன்று வாங்கி, பெட்டிக்கே உறையாக மாட்டிவிடுவார்கள். அத்தோடு அவர்கள் சிக்கல் தீர்ந்தது. தீராமல் என்ன செய்யும்? அவர்கள் மறைப்பது கட்டிலின் ஓர் உறுப்பை. நாம் மறைப்பது ஒரு குடும்பத்தின் ஆஸ்தியை.

அந்த ஆஸ்தி யாது? கலியாணத்தில் சீராக வந்து, அன்றிலிருந்து புளி போட்டு விளக்கப்படாத பித்தளை அண்டா. பூட்டு உண்டு, சாவி இல்லை என்ற நிலையில் ஒரு டிரங்குப் பெட்டி. உரிக்காத தேங்காய். சாக்கில் சுற்றிய பலாப்பழம். கம்பி ஒடிந்த, ஆனால் தூக்கிப் போட மனம் வராத குடை. இவற்றுக்கெல்லாம் பின்னால், சுவரோரம், பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரையை நெய்து, மணமக்கள் பெயரையும் அதிலேயே சேர்த்துத் தருவது பத்தமடைக்காரர்களின் கைத்திறன். அப்படிப் பெயர் போட்ட பாயை யாராவது காலால் மிதிப்பார்களா? எனவே அது விரிக்கப்படுவதே இல்லை. தம்பதியர் கட்டிலின் மேல் தூங்குகிறார்கள். அவர்கள் பெயர்கள் கட்டிலின் கீழ் தூங்குகின்றன.

இவை கிடப்பதில் வீட்டாருக்கு வெட்கம் ஏதும் இல்லை. வெட்கம் விருந்தாளியோடு வருகிறது. ஆனி பிறந்து அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டது என்று சேதி போனால் போதும், மதுரையிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தமெல்லாம் இலஞ்சி உறவை நினைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்துக்கு விருந்து பழைய வழக்கம்தான், ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும்வரை குற்றாலத்து வீட்டில் ராஜாஜிக்கும் கல்கிக்கும் விருந்தளித்த மண் இது. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டதும் மருமகள் உள்ளே ஓடுவாள்.

“அத்தே, ஆள் வந்தாச்சு! அந்தப் போர்வையக் கொஞ்சம் கீழ இழுத்து விடுங்க!”

“எதுக்குளா? அடியில என்ன களவுச் சாமானா கெடக்கு?”

அத்தையின் இக்கூற்றை ‘மறையாமைக் கொள்கை’ என்று வகைப்படுத்தலாம். ஆயினும் கொள்கையை உரைத்துவிட்டு அவரே கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்து, சேலையைத் தழைய விட்டு அண்டாவை மறைத்தும் விடுவார் என்பதை ஆய்வாளர் கருத வேண்டும். உயிருள்ள மறைப்பு என்ற வகையில் இதற்கு நிகர் கிடையாது. காப்பி போட அவர் எழுந்து போனால் தோற்றுவிடும்.

பிற முறைகளில் பழஞ்சேலை முறை பரவலானது. ஜன்னல் திரைக்குப் போடும் ஸ்பிரிங் கம்பியைக் கட்டிலின் இரு கால்களுக்கும் இடையே இழுத்து மாட்டி, பாதியாகக் கிழித்த நைலக்ஸ் சேலையைக் கோத்து விடுவது. அமெரிக்கர் ஸ்பிரிங்கை மறைக்கத் துணி கட்ட, நாம் துணி கட்ட ஸ்பிரிங்கைப் பயன்படுத்துவது ஒப்பாய்வாளர் கவனத்துக்கு உரியது. இம்முறையின் பகை காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே உள்ளே வருகிற ஊர் இது. ஜன்னலைத் திறந்தால் சேலை எழும்பும், பலாப்பழம் தெரியும். ஜன்னலைச் சாத்தினால் பலாப்பழம் மணக்கும். துணி கண்ணைத்தான் கட்டும், மூக்கை அல்ல.

டிராயர் வைத்த பெட்டிக் கட்டில் வாங்கினால் எல்லாம் தீரும் என்பர் கடைக்காரர். சாரல் ஈரத்தில் பிளைவுட் ஊதிக்கொண்டு, ஆனியில் மூடிய டிராயர் ஆவணி வரை திறக்காது என்பர் வாங்கியோர். பின்னவர் கூற்றே வலிது.

எஞ்சியது விரிப்பு முறை. அதற்குச் சூத்திரம்:

காண்போர் பக்கம் நீளவும் சுவர்ப்பால்
ஒடுங்கவும் விரித்தல் விரிப்பின் இயல்பே;
நால்விரல் தரைக்கு நீங்குக என்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், தனியே துணி வாங்காமல் இருக்கிற பெட்ஷீட்டாலேயே கட்டிலடி மறைக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. மெத்தை அகலம் 60 அங்குலம், கனம் 5 அங்குலம், தரையிலிருந்து மெத்தையின் அடி 18 அங்குல உயரம் என்று கொள்க. 90 அங்குல விரிப்பை நடுவாகப் போட்டால் பக்கத்துக்கு 15 தொங்கும். அதில் மெத்தைக் கனம் போக 10 அங்குலமே மிஞ்சும். அண்டாவின் வயிறு தெரியும். ஆகவே விரிப்பை நடைப் பக்கமாக 20 அங்குலம் வரும்படி இழுக்க. கனம் போக 15 கீழே இறங்கும். தரைக்கு 3 அங்குல இடைவெளி நிற்கும். சுவர்ப்பக்கம் மிஞ்சுகிற 10-இல் 5 கனத்துக்கு, 5 மெத்தைக்கு அடியில் செருக.

தரையைத் தொட விட்டால் என்ன என்பது தடை. விடை: தொட்டால் நான்கு விரல் அளவில் போய்வரும் காற்றும் நின்றுவிடும். காற்று ஓடாத இடத்தில் சாரல் ஈரம் தங்கும். ஒரு வாரத்தில் தோல் பெட்டியில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும், கோரைப்பாயில் கறுப்புப் புள்ளி விழும். அன்றியும் தொங்கும் ஓரம் நனைந்த தரையில் புரண்டு அழுக்கைக் குடிக்கும். அந்த மூன்று அங்குலத்தில் தெரிவது தேங்காயின் அடிப்பாகம் மட்டுமே. அதை எவரும் குற்றமாகச் சொல்லமாட்டார்.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. மறைப்பது ஆய்வு அறமாகாது. விரிப்பின் நீளம் 100 அங்குலம், மெத்தையின் நீளம் 78. மீதி 22. கால்மாட்டில் 20 தொங்கவிட்டால் தலைமாட்டுக்கு 2 அங்குலமே மிஞ்சும். இரவில் யாராவது ஒரு முறை புரண்டால் விரிப்பு மொத்தமும் கால்பக்கம் போய்ச் சேரும். எனவே கால்மாட்டை விரிப்பால் மறைக்க இயலாது. இலஞ்சியார் அங்கே டிரங்குப் பெட்டியையே இழுத்துப் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்து, பெஞ்சு என்று சொல்லிவிடுகிறார்கள். ஒளிக்க வேண்டிய பொருளே ஒளிக்கும் பொருளாகிவிடுகிறது. இதுவரை கண்ட தீர்வுகளில் இதுவே சிறந்தது என்பது என் முடிபு.

சீசனுக்கு வரும் உறவினர்க்கு ஒரு விண்ணப்பம். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து கட்டிலில் உட்காராதீர்கள், விரிப்பு சரிந்துவிடும். உங்களுக்கென்று நாற்காலி போட்டிருக்கிறோம்.